தீ விளக்கும் நான் போடாத கையொப்பமும்

"வலப்பக்க இயந்திரத்தின் தீ எச்சரிக்கை விளக்கு எரிந்ததாகப் பயிலுனர் கூறுகிறார். சோதனை செய்யப்பட்டது. சிமுலேட்டரில் கோளாறு இல்லை."

ஷஃபான் மாதம் பிறை இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை என்று திகதியிட்ட பராமரிப்புப் பதிவு இது. மூன்று வசனங்கள், கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே தட்டச்சில் என் பெயர். கோட்டின் மேல் இருக்க வேண்டிய கையொப்பம் மட்டும் இல்லை. அதன் நகலை நான் ஊருக்குக் கொண்டுவரவில்லை. கொண்டுவர அனுமதியும் கிடையாது. மனதில் இருப்பதைத்தான் எழுதுகிறேன். பிறையும் கிழமையும் தந்துவிட்டு ஆண்டை விட்டதற்குக் காரணம் மறதி இல்லை. ஆண்டைச் சொன்னால் அந்தப் பயிலுனர் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

போன நோன்புப் பெருநாள் விடுமுறையில் உங்களில் சிலர் கல்முனையில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். வளைகுடாவில் சிமுலேட்டர் பராமரிப்பு வேலைக்குப் புதிதாகப் போனவர்கள், போக இருப்பவர்கள். நிந்தவூர்த் தம்பி ஒருவர் கேட்டார்: "சேர், எதுக்கு அந்த நல்ல வேலைய உட்டுட்டு வந்தீங்க?"

"உட்டுட்டு வரல்ல மகன். அனுப்பிட்டாங்க."

எல்லோரும் சிரித்தீர்கள். அதற்குள் பெருநாள் இனிப்பு வட்டிலப்பம் வந்துவிட்டது. கதை வேறு பக்கம் போய்விட்டது. விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

மின்மானியை எங்கே பிடிப்பது, எந்தப் பலகையை முதலில் கழற்றுவது என்பதெல்லாம் இதில் இல்லை. அவற்றை எவரும் சொல்லித் தருவார்கள். கையில் பேனையைக் கொடுத்து, "போடு" என்று ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது என்ன செய்வது என்பதை எனக்கு எந்தப் பாடநெறியும் சொல்லித் தரவில்லை.

முதலில், வெளியார் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்காக இரண்டு வார்த்தை. போர் விமான சிமுலேட்டர் என்பது சிறகில்லாத ஒரு காக்பிட். உள்ளே விமானி இருப்பார். முன்னால் திரையில் வானம் ஓடும். பக்கத்து அறையில் பயிற்றுநர் ஒரு மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு, இயந்திரத்தில் தீ, எண்ணெய் அழுத்தம் குறைவு என்று வேண்டிய ஆபத்தைக் கணினிக்குச் சொல்வார். உள்ளே அதற்குரிய விளக்கு எரியும். விமானி என்ன செய்கிறார் என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள்.

ஆகவே சிமுலேட்டரில் எரியும் ஒவ்வொரு எச்சரிக்கை விளக்குக்கும் இரண்டு பொருள் இருக்க முடியும். பயிற்றுநர் விமானத்துக்குக் கொடுத்த கோளாறு ஒன்று. எங்கள் வயரில், எங்கள் பலகையில் உள்ள கோளாறு மற்றது. இந்த இரண்டையும் பிரித்தறிவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

இதில் விளையாடக் கூடாது என்று நான் அறிந்தது வேறொரு விளக்கால். நான் அங்கு சேர்ந்த காலத்தில் மின்பிறப்பாக்கி விளக்கு ஒன்று காரணமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. "அது சிமுலேட்டர்ட லைட்" என்று எல்லோருக்கும் தெரியும். பயிலுனர்கள் அது எரிந்ததும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையால் தட்டி அணைத்துவிடுவார்கள். நாங்கள் ஒரு நாள் அதைத் திருத்தினோம். அதற்குப் பிறகு பயிற்றுநர் உண்மையாகவே அந்தக் கோளாறைக் கொடுத்தபோதும் அவர்கள் தட்டி அணைத்துக்கொண்டே இருந்தார்கள். விளக்கைத் திருத்துவது எங்களால் முடிந்தது. அவர்களுடைய கையைத் திருத்துவது எங்களால் முடியவில்லை.

நம் ஊராருக்கு இதை விளக்கத் தேவையில்லை. சுனாமிக்குப் பிறகு "கடல் வருது" என்று எத்தனை முறை ஓடினோம்? முதல் முறை எல்லோரும் ஓடினார்கள். பிறகு பிறகு, பக்கத்து வீட்டார் ஓடுகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு அடுப்புக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமை.

பயிலுனர் ஒருவருக்கு அன்று தகுதிச் சோதனை. உயரமான பிள்ளை, அதிகம் பேசாதவர். கடுமையான திருப்பம் ஒன்றின் நடுவில், "வலது இயந்திரத்தில் தீ" என்று அறிவித்தார். புத்தகத்தில் உள்ளபடி அந்த இயந்திரத்தை நிறுத்தினார். பயிற்றுநரோ அவருக்கு எந்தத் தீயும் கொடுத்திருக்கவில்லை. பயிலுனர் நல்ல இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஒற்றை இயந்திரத்தோடு உயரம் இழந்து, சோதனையில் தோற்றார். ஏற்கெனவே இரண்டு தடவை கண்டிக்கப்பட்டவர். செவ்வாய்க்கிழமை ஒரு சபை கூடும். போர் விமானப் பிரிவிலிருந்து அவரை நீக்கும். ஒரேயொரு விடயம் அவரைக் காப்பாற்றலாம்: விளக்கு எரிந்திருந்தால்.

கணினிப் பக்கத்தைக் கவனித்தவர் சிவநேசன். பாண்டிருப்புக்காரர், என் வயதுக்காரர். ஒரே அறையில் தங்கி ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள் நாங்கள். அவர் அந்தப் பறப்பின் பதிவைத் திரும்ப ஓடவிட்டார். பயிற்றுநர் பார்த்தார், எங்கள் நிறுவன முகாமையாளர் பார்த்தார், நானும் பார்த்தேன். திரையில் திருப்பம் வந்தது, பயிலுனரின் குரல் கேட்டது, தீ விளக்கு எரியவில்லை. மீண்டும் ஓடவிட்டார். எரியவில்லை. பிறகு நானும் சிவநேசனும் காக்பிட்டில் மாறி மாறி ஏறி இருந்து, அதே திருப்பத்தைச் செய்து பார்த்தோம். எரியவில்லை.

"மச்சான், பதிவு சுத்தமாக் கிடக்கு," என்றார் சிவநேசன். "அந்த லைட்டுக்கு எரி எண்டு கணினி சொல்லவே இல்ல."

"கணினி செல்லல்ல, சரி. லைட் எரிஞ்சதா?"

"சொல்லாம எப்பிடி எரியும்? பேய் வந்து கொளுத்தினதா?"

"காலையில லாம்ப் டெஸ்ட் சுவிட்ச அமத்துறோமே, எல்லா லைட்டும் ஒண்டா பத்துதே. அது கணினியக் கேட்டா பத்துது?"

சிவநேசன் மேசையில் இருந்த தேத்தண்ணியைக் குடித்தார். அது ஆறிப்போய் வெகுநேரம்.

நாங்கள் எல்லோரும் செய்துகொண்டிருந்த பிழை அதுதான். பதிவை ஓடவிட்டால் திரையில் விளக்குகள் எரிந்து அணைவது தெரியும். அந்த நேரத்தில் காக்பிட்டில் நடந்ததையே பார்ப்பதாக நினைத்துக்கொள்வோம். உண்மையில் அது கணினி கொடுத்த கட்டளைகளை வைத்துத் திரும்ப வரையப்பட்ட படம். கணினியைக் கேட்காமல் ஒரு விளக்கு எரிந்தால் அது அந்தப் படத்தில் வராது. விளக்குகளைச் சோதிக்கும் சுவிட்சின் வயர் கணினியைத் தொடாமல் நேரே விளக்குகளுக்குப் போகிறது. அந்த வயர் எங்காவது உரசினால்?

உரசினால் என்று ஒரு கேள்விதான் என்னிடம் இருந்தது. வேறொன்றும் இல்லை.

பின்னேரம் முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் அந்த மூன்று வசனப் பதிவு தயாராக இருந்தது. விமானப்படையோடு எங்கள் நிறுவனத்தின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் வாரம் அது. சிமுலேட்டரில் தீ விளக்கு பொய் சொல்கிறது என்று எழுத்தில் வந்தால், அதற்கு முன் நடந்த சோதனைகளையெல்லாம் கேள்வி கேட்பார்கள். ஆங்கிலத்தில் நடந்த கதை, தமிழில் தருகிறேன்.

"கோளாறு ஏதாவது கண்டீர்களா?"

"காணவில்லை."

"அப்படியானால் கோளாறு இல்லை என்று கையொப்பமிடுவதில் என்ன பிரச்சினை?"

"எங்கள் ஊர் கடற்கரை ஊர். போன தோணி கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக நாங்கள் இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை நடத்துவதில்லை."

அவருக்கு அது பிடிக்கவில்லை. "உங்களுடைய ஒப்பந்தமும் இந்த மாதம் புதுப்பிக்க வருகிறது," என்றார். குரலை உயர்த்தவில்லை. பேனையின் மூடியைக் கழற்றி என் பக்கம் வைத்தார்.

நான் எழுந்து போய்ச் சிமுலேட்டரின் கதவில் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டேன்.

சிவப்பு அட்டை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அது தொங்கினால் பயிற்சிக்கு யாரும் உள்ளே ஏற முடியாது. தொங்கவிட்டவர் எடுக்கலாம்; அல்லது அவருக்கு மேலே உள்ளவர், தன்னுடைய பெயரில் கையொப்பமிட்டு எடுக்கலாம். முகாமையாளர் என் பின்னாலேயே வந்துவிட்டார்.

"எடுங்கள் அதை."

"உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது, சேர். பெயரைப் போட்டுவிட்டு நீங்களே எடுங்கள்."

பேனை அவர் கையில் இருந்தது. அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். கையொப்பக் கோட்டைப் பார்த்தார். தன் அறைக்குத் திரும்பிப் போய்விட்டார். தம்பிமாரே, தங்கச்சிமாரே, இதை மறக்காதீர்கள்: "ஒன்றுமில்லை, போடு" என்று உங்களை நெருக்குபவரிடம் அதே பேனையை நீட்டிப் பாருங்கள். ஒன்றுமில்லாத விடயம் என்றால் அவரே போட்டுவிடுவார்.

வீரம் பேசிவிட்டேனே தவிர, அறைக்கு வந்ததும் முதல் வேலையாக ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன். மகளுக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது. நம் பக்கத்து வழக்கம் தெரியும்தானே, பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். வீடு யன்னல் மட்டத்தில் நின்றது. வேலை போனால் அங்கேயே நிற்கும்.

என் மனைவி முழுவதையும் கேட்டா. "உங்கட லைட்டுக்கத எனக்கு வெளங்காது," என்றா. "இஞ்ச குசினிப் பல்பு போய்க் கிடக்கு, அதுக்கு ஒரு என்ஜினியர் இல்ல. அது கிடக்கட்டும். ஒப்பம் வெக்கல்லெண்டா என்ன செய்வாங்க?"

"அனுப்புவாங்க."

"வெச்சா?"

"அந்தப் புள்ளைய நீக்குவாங்க. அவன் பொய் செல்லுறான் எண்டு நான் சாட்சி சென்ன மாதிரி."

அங்கே பின்னால் யாரோ தேங்காய் துருவும் ஓசை கேட்டது.

"பொய்ச் சாட்சியில கட்டின வீட்டுல எண்ட மகள் குடியிருக்கத் தேவல்ல," என்றா. "கூர இல்லாட்டி ஓலயப் போடுவம். போன வையுங்க, கறி அடிப்பிடிக்கிது."

அடுத்த நாள் திங்கள். சபை கூடுவதற்கு முந்திய நாள். சிவப்பு அட்டை தொங்கியபடி இருந்தது. பயிற்சிக்கு வந்த விமானிகள் கட்டடத்துக்கு வெளியே நின்று என்னைப் பார்த்தார்கள். நானும் சிவநேசனும் பலகையைத் தட்டினோம், ஆட்டினோம், சூடாக்கினோம். ஒன்றும் எரியவில்லை.

"மச்சான், உண்ட கேள்வி நல்லாத்தான் கிடக்கு," என்றார் சிவநேசன். "ஆனா கேள்விய வெச்சு விசா புதுப்பிக்க ஏலா."

நண்பகல் லுஹர் தொழுகைக்கு இறங்கினேன். தொழுகை அறை வாசலில் வழக்கம்போல் சப்பாத்துக்கள் வரிசையாகக் கிடந்தன. தொழுதுவிட்டு வந்து என்னுடையதைத் தேடியபோது அதன் பக்கத்தில் ஒரு சோடி பறப்புப் பூட்ஸ். தடித்த அடி, என் சப்பாத்து அதன் பக்கத்தில் பிள்ளையின் சப்பாத்துபோல் இருந்தது. அந்தப் பயிலுனர் இன்னும் உள்ளே தொழுதுகொண்டிருப்பது தெரிந்தது. நான் குனிந்து நின்றபடியே என் காலுறைகளைப் பார்த்தேன்.

காக்பிட்டுக்குள் மணல் போகக் கூடாது என்பதற்காக நாங்கள் எப்போதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவோம், பள்ளிவாசலுக்குள் போவதுபோல. எழுதிய விதி அல்ல; பராமரிப்புப் பிரிவில் எல்லோருக்கும் ஊறிப்போன ஒழுக்கம். காலுறையோடு ஏறி, பறப்பு உடுப்பில்லாமல், இருக்கையின் காற்று மெத்தைகளை நிறுத்திவிட்டுச் சோதித்திருக்கிறோம். விமானி அப்படியா இருப்பார்? தடித்த பூட்ஸ் முழங்காலை உயர்த்தும். தொடையில் குறிப்புப் பலகை கட்டியிருக்கும். திருப்பத்தில் மெத்தைகள் ஊதி ஆளைத் தள்ளும். எங்கள் கால் தொடாத இடத்தை அவருடைய கால் தொடும். வலது முழங்காலுக்கு மேலே இருப்பதோ எச்சரிக்கை விளக்குகளின் பலகை.

நேரே பயிற்றுநரிடம் போனேன். அந்தப் பயிலுனரை முழு உடுப்போடு, பூட்ஸோடு, அதே பயிற்சியில் மீண்டும் ஏற்ற வேண்டும் என்றேன்.

"தோற்றவரை நான் மீண்டும் ஏற்றுவதில்லை."

"சோதனை அவருக்கு இல்லை. என்னுடைய பலகைக்கு. மறுத்தால் அட்டை அங்கேயே தொங்கும்."

"என்னையே மிரட்டுகிறீர்களா?"

"ஓம்," என்றேன். தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பயிலுனர் ஏறினார். பக்கத்து அறையில் பயிற்றுநர், முகாமையாளர், சிவநேசன். நான் காக்பிட்டின் ஏணியில், பலகையைப் பார்த்தபடி. முதல் திருப்பத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. முகாமையாளர் கடிகாரத்தைப் பார்ப்பதை நான் பார்க்காமலே உணர்ந்தேன். மூன்றாவது திருப்பத்தில் மெத்தைகள் ஊதின, பயிலுனரின் வலது முழங்கால் பலகையின் விளிம்பில் அழுந்தியது, ஒரு விளக்கு எரிந்தது.

"சிவநேசன்! கணினி என்ன செல்லுது?"

"ஒண்டும் சொல்லல்ல மச்சான்! இஞ்ச எல்லாம் இருட்டு!"

ஆனால் எரிந்தது தீ விளக்கு அல்ல. அதற்குப் பக்கத்தில் உள்ள ஹைட்ரோலிக் அழுத்த விளக்கு. முழங்காலை எடுத்தால் அணைந்தது, அழுத்தினால் எரிந்தது. தீ விளக்கு ஒரு முறையும் எரியவில்லை. அன்று பின்னேரம் முழுவதும் அவர் அழுத்தினார், திருப்பினார், வியர்த்து வழிந்தார். எரியவேயில்லை.

பலகையைக் கழற்றினோம். பின்னால் வயர்க்கட்டு உலோக விளிம்பில் உரசியிருந்தது. ஹைட்ரோலிக் விளக்கின் வயரில் செம்பு வெளியே தெரிந்தது. அதே கட்டில் போகும் தீ விளக்கின் வயரில் உறை தேய்ந்து மெலிந்திருந்தது. செம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. உருப்பெருக்கியால் பார்த்தேன். ஒரு கறுப்புப் புள்ளி. துளையா, அழுக்கா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் இரண்டாவது நெருக்கடி வந்தது. இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். பயிற்றுநர் நேர்மையானவர். வயரைத் தன் கண்ணால் பார்த்ததும் அவருடைய முகம் மாறிவிட்டது. "தீ விளக்கு எரிந்தது என்றே எழுதிவிடுங்கள்," என்றார். "பையன் தப்பித்துக்கொள்வான். நாளைக்குச் சபையில் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்."

"எழுத முடியாது, சேர்."

"நேற்று எரியவில்லை என்று எழுத மறுத்தீர்கள். இன்று எரிந்தது என்று எழுதவும் மறுக்கிறீர்களா?"

"இரண்டையும் நான் பார்க்கவில்லை."

நான் எழுதியது இது: ஹைட்ரோலிக் விளக்கு கணினியின் கட்டளை இல்லாமல் எரிவது காணப்பட்டது; காரணம் காணப்பட்டது; தீ விளக்கின் வயர் அதே கட்டில் தேய்ந்துள்ளது; ஞாயிற்றுக்கிழமை தீ விளக்கு எரிந்ததா என்பது உறுதிப்படுத்தப்படவில்லை. அதன் கீழே என் கையொப்பம் இருக்கிறது. பிறகு வயர்க்கட்டை மாற்றிவிட்டு, அட்டையை நானே எடுத்தேன்.

பயிலுனர் வெளியே வாகனத்தரிப்பிடத்தில் காத்திருந்தார். ஹெல்மெட்டைக் கையில் பிடித்திருந்தார்.

"நீங்கள் என்னை நம்பினீர்கள்," என்றார். நன்றி சொல்லக் கையை நீட்டினார்.

அந்த இடத்தில் தலையாட்டிவிடுவது எவ்வளவு இலகு. "இல்லை தம்பி," என்றேன். "நீங்கள் பார்த்தீர்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் பார்க்கவில்லை என்று எழுத எனக்கு உரிமை இல்லை என்பது மட்டும் தெரியும்."

அவருடைய முகம் சுருங்கியது. "நான் பார்த்தேன்," என்றார்.

"இருக்கலாம்."

நீட்டிய கையை இறக்கிக்கொண்டு போய்விட்டார். கோபம் நியாயமானது. செவ்வாய்க்கிழமை சபை அவரை நீக்கவில்லை, மறுசோதனைக்கு அனுமதித்தது. அதில் தேறினார் என்று சிவநேசன் பிறகு சொன்னார். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கடிதத்தில் "ஆளணிச் சீரமைப்பு" என்று காரணம் போட்டிருந்தார்கள். அந்தக் கடிதத்தில் முகாமையாளர் தன் கையொப்பத்தைத் தயங்காமல் போட்டிருந்தார்.

மகளின் கல்யாணம் பூசாத சுவரோடுதான் நடந்தது. கூரை இருந்தது, ஓலை அல்ல, தகரம். சம்பந்தி வீட்டில் ஒருவர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன, கல்லெல்லாம் எண்ணலாம் போல கிடக்கே" என்றார். என் மனைவி அண்ணன் முறை வைத்து, "எண்ணுங்க காக்கா, களவுக்கல் ஒண்டும் இல்ல" என்றா. அதற்குப் பிறகு அவர் சுவரைப் பற்றிக் கதைக்கவில்லை.

உங்களில் ஒருவர் அன்று வட்டிலப்பத் தட்டோடு, "அவங்க செல்லுற மாதிரி ஒப்பம் வெச்சிருந்தா இப்ப பெரிய பதவியில இருந்திருப்பீங்க சேர்" என்றீர்கள். இருந்திருப்பேன். பெரிய கதிரையில் இருந்துகொண்டு உங்களிடம் பேனையை நீட்டிக்கொண்டிருப்பேன். என்னைப் போன்ற ஒருவர் அப்படி நீட்டினால் நீங்கள் வாங்காதீர்கள். பூட்ஸைப் போட்டுக்கொண்டு காக்பிட்டில் ஏறுங்கள். மணல் விழுந்தால் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

சிவநேசனும் இப்போது பாண்டிருப்பில்தான். கல்முனைச் சந்தையில் காணும்போது, "எரிஞ்சுதான் இரிக்கும் மச்சான்" என்பார். மீன் மலிவாகக் கிடைத்த நாளில் அப்படி. விலை ஏறிய நாளில், "அந்தப் பெடியன் பயத்தில கண்டிருப்பான்" என்பார். அந்தக் கறுப்புப் புள்ளியுள்ள வயரைப் பரிசோதனைக்கு அனுப்பியதாக அறிந்தேன். முடிவு வந்ததா, வந்திருந்தால் அது என்ன என்று எனக்கு யாரும் அறிவிக்கவில்லை.

ஷஃபான் பிறை இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை, அந்தத் திருப்பத்தில் தீ எச்சரிக்கை விளக்கு எரிந்ததா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.